வயிற்றுப் பிள்ளைக்கும் பட்டா: அமெரிக்க அடிமைமுறையில் தாயாக இருப்பது

1835 ஜூலையில் வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரப் பத்திரிகை ஒன்றில் ஒரு விளம்பரம் வந்தது. கொடுத்தவர் வட கரோலினாவின் ஈடன்டன் ஊரைச் சேர்ந்த மருத்துவர் ஜேம்ஸ் நார்காம். ஹாரியட் என்ற அடிமைப் பெண் ஓடிவிட்டாள். வயது 21, உயரம் 5 அடி 4 அங்குலம். இயல்பாகச் சுருண்டிருந்தாலும் சீவினால் நேராகிவிடும் அடர்த்தியான கருமுடி. நன்றாகத் தைப்பாள், நன்றாக உடுத்துவாள், தடங்கலில்லாமல் பேசுவாள். பிடித்துத் தருபவருக்கு 100 டாலர். தெரிந்த காரணமோ தூண்டுதலோ எதுவும் இல்லாமல் அவள் ஓடிவிட்டதாக மருத்துவர் எழுதியிருந்தார். அவளுக்கு ஆறு வயதை ஒட்டிய மகன் ஒருவனும் இரண்டு வயதை ஒட்டிய மகள் ஒருத்தியும் இருப்பதைப் பற்றி விளம்பரத்தில் ஒரு சொல் இல்லை.

காரணமே அந்த இரண்டு பிள்ளைகள்தான். ஹாரியட் ஜேக்கப்ஸ் பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடவில்லை. தான் ஓடினால்தான் பிள்ளைகள் மருத்துவர் கையிலிருந்து கழன்று வேறு கைக்குப் போவார்கள் என்று கணக்குப் போட்டு ஓடினார். தாய் ஓடினால் பிள்ளை எப்படித் தப்பும்? அது விளங்க வேண்டுமென்றால் அன்றைய சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இங்கிலாந்தின் பொதுச்சட்டத்தில் பிள்ளையின் நிலை தகப்பன்வழி. 1655-56இல் வர்ஜீனியாவில் எலிசபெத் கீ என்ற பெண் இதைப் பிடித்துக்கொண்டு வழக்காடினார். தாய் கறுப்பினத்தவர், தந்தை தாமஸ் கீ ஆங்கிலேயர். எனவே தான் அடிமை அல்ல என்பது வாதம். வென்றார். குடியேற்றப் பண்ணைக்காரர்களுக்கு இது ஆபத்தான முன்னுதாரணம். அடிமைப் பெண்களுக்கு வெள்ளைக்காரர்கள் மூலம் பிறந்த பிள்ளைகள் ஒவ்வொருவரும் நீதிமன்றப் படியேறலாம் அல்லவா? 1662 டிசம்பரில் வர்ஜீனியா சட்டமன்றம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அங்கே பிறக்கும் பிள்ளை அடிமையா, சுதந்திரமானவரா என்பது இனித் தாயின் நிலையைப் பொறுத்தது மட்டுமே. மற்றக் குடியேற்றங்களும் நாளடைவில் இதே விதிக்கு வந்து சேர்ந்தன.

ஒரே வரிச் சட்டம்தான். அதன் விளைவுகளை எண்ணிப் பாருங்கள். எசமானுக்கு அடிமைப் பெண்ணிடம் பிறந்த பிள்ளை எசமானுக்கே சொத்து. தகப்பன் பெயர் தேவையில்லை, பராமரிப்புப் பொறுப்பு இல்லை, வாரிசுரிமைத் தொல்லை இல்லை. ஒரு பெண்ணை விலைக்கு வாங்குபவர் அவளுக்கு இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளையும் அவர்களுக்குப் பிறக்கப்போகிறவர்களையும் சேர்த்தே வாங்குகிறார். இன்னும் கருவே தரிக்காத பிள்ளையை உயிலில் எழுதி வைத்தவர்கள் உண்டு. நிலத்துக்குப் பட்டா போல வயிற்றுக்கும் பட்டா.

1808 ஜனவரி 1 முதல் வெளியிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வது தடையானது. அதற்குள் பருத்தி பிரிக்கும் எந்திரம் வந்துவிட்டதால் தெற்கில் ஆள்தேவை பெருகிக்கொண்டிருந்தது. இனி ஆள் வரக்கூடிய வழி ஒன்றுதான். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பகுதிக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள் மொத்தமே ஏறத்தாழ 4 லட்சம் பேர். 1860 கணக்கெடுப்பில் அங்கிருந்த அடிமைகள் 39.5 லட்சம். கரும்புத் தீவான ஜமைக்காவின் கணக்கு நேர்மாறு. அங்கே ஏறத்தாழ 10 லட்சம் பேரை இறக்கினார்கள். 1834இல் விடுதலைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது எஞ்சியிருந்தவர்கள் 3 லட்சத்துச் சொச்சம். ஜமைக்காவில் ஆளைச் சாகும்வரை உழைக்கவைத்துப் புது ஆளை வாங்குவது வழக்கம். அமெரிக்காவில் பெண்ணைப் பெறவைப்பது வழக்கம். தாமஸ் ஜெஃபர்சன் 1820 ஜூனில் எழுதிய கடிதம் ஒன்றில் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார்: இரண்டாண்டுக்கு ஒரு பிள்ளை பெறும் பெண், பண்ணையின் மிகச் சிறந்த ஆணைவிட லாபம் தருபவள், அவள் உண்டாக்குவது மூலதனத்தில் சேர்கிறது, அவன் உழைப்போ நுகர்வில் கரைந்துவிடுகிறது. சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய அதே கை.

மூலதனம் என்று சொன்னார்களே, அதற்கு என்ன சாப்பாடு போட்டார்கள்? பண்ணைகளில் பரவலாக இருந்த வாரப்படி, பெரிய ஆளுக்கு ஒரு பெக் அளவு சோள மாவு (ஏறக்குறைய 9 லிட்டர் கொள்ளளவு), மூன்று அல்லது நான்கு பவுண்டு உப்புப் பன்றிக் கொழுப்பிறைச்சி. வயிறு நிரம்பும், உடம்பு தேறாது. பால், பச்சைக் காய், நல்ல இறைச்சி ஆகியவை குடிசைக்குப் பின்னால் தானே போட்ட தோட்டம், இரவில் பிடித்த மீன், வளர்த்த கோழி இவற்றிலிருந்து வந்தால்தான் உண்டு. கர்ப்பிணிக்குத் தனிப்படி பல பண்ணைகளில் கிடையாது.

வேலையை ஆள்கணக்கில் அளந்தார்கள். முழு ஆள், முக்கால் ஆள், அரை ஆள், கால் ஆள். பிள்ளைத்தாய்ச்சி மாதம் ஏற ஏற முழுவிலிருந்து கீழே இறங்குவாள். பருத்தி எடுக்கும் பருவம் வந்துவிட்டால் அந்த இறக்கமும் சொல்லளவில் நின்றுவிடும். கர்ப்பிணியைச் சாட்டையால் அடிக்க வேண்டுமென்றால் மண்ணில் ஒரு குழி தோண்டி, வயிறு அதற்குள் இறங்கும்படி குப்புறப் படுக்கவைத்து முதுகில் அடித்தார்கள். பல மாநிலங்களில் விடுதலை பெற்றவர்கள் பின்னாளில் ஒரேமாதிரிச் சொன்ன சாட்சியம் இது. தாய் தண்டனைக்கு உரியவள், உள்ளே இருப்பது சொத்து. அந்தக் குழி காட்டுவதைவிடத் தெளிவாக 1662 சட்டத்தை எந்த வழக்கறிஞராலும் விளக்க முடியாது.

பேறு முடிந்து வயலுக்குத் திரும்ப மூன்று நான்கு வாரம். ஜார்ஜியாவின் பட்லர் தீவு நெற்பண்ணையில் 1838-39 குளிர்காலத்தில் தங்கியிருந்த ஆங்கில நடிகை ஃபேனி கெம்பிள் பண்ணை உரிமையாளரின் மனைவி. அவரிடம் வந்த பெண்களின் வேண்டுகோள்களில் ஒன்று, பேற்றுக்குப் பிந்திய மூன்று வார ஓய்வை நான்காக்கித் தர வேண்டும் என்பது. வந்தவர்களின் பெயரையும் பிள்ளைக் கணக்கையும் அவர் தம் நாட்குறிப்பில் வரிசையாக எழுதிவைத்தார். ஃபேனி: பெற்றது ஆறு, ஒன்றைத் தவிர எல்லாம் இறந்தன, வயல்வேலையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்க வந்தாள். லியா: பெற்றது ஆறு, இறந்தது மூன்று. இப்படியே போகிறது பட்டியல்.

பால் கொடுப்பதற்கும் நேர அட்டவணை இருந்தது. தென் கரோலினாவின் ஜேம்ஸ் ஹென்றி ஹாமண்ட் (பின்னாளில் ஆளுநர், செனட்டர், பருத்தியே அரசன் என்று செனட்டில் முழங்கியவர்) தம் பண்ணைக்கு எழுதிவைத்த விதிப்புத்தகத்தில் இது துல்லியமாக இருக்கிறது. பால்கொடுக்கும் பெண்கள் சூரிய உதயத்தில் பிள்ளைகளைப் பிள்ளைக்கூடத்தில் விட்டுவிட்டு வயலுக்குப் போக வேண்டும். அவர்களுக்கு வேலை குடியிருப்பிலிருந்து அரை மைலுக்குள். எட்டு மாதம்வரை நாளுக்கு மூன்று முறை வந்து பால் கொடுக்கலாம், ஒவ்வொரு முறையும் 45 நிமிடம். கோடையில் வந்தவுடன் கொடுக்கக் கூடாது; உடம்புச் சூடு தணியக் குறைந்தது 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். எட்டு மாதத்துக்குப் பிறகு இரண்டு முறை, பன்னிரண்டாம் மாதத்தில் நண்பகலில் மட்டும். பிறகு பால்மறக்கடிக்க இரண்டு வாரம் பிள்ளையைத் தாயிடமிருந்து முழுக்கப் பிரித்துப் பிள்ளையில்லாத வேறொரு பெண்ணிடம் ஒப்படைக்க வேண்டும். இந்தக் காலமெல்லாம் தாயிடம் எதிர்பார்த்த வேலை, முழு ஆளின் ஐந்தில் மூன்று பங்கு.

ஹாமண்ட் இதைக் கருணை என்றே நினைத்திருப்பார். அக்காலப் பண்ணைகளோடு ஒப்பிட்டால் ஒருவேளை அப்படியும் தோன்றலாம். வயல் தொலைவாக இருந்த இடங்களில் குழந்தையை வரப்பு ஓரம் மரத்தடியில் கிடத்திவிட்டுப் பருத்தி எடுத்தார்கள். பாலில்லாத நேரத்துக்குக் கிழவியோ எட்டுப் பத்து வயதுச் சிறுமியோ சோளக் கஞ்சியைப் புகட்டினார்கள். அந்தக் கஞ்சியாலும் தண்ணீராலும் வந்த வயிற்றுப்போக்கு பச்சிளம் உயிர்களை அள்ளிக்கொண்டு போனது. தொப்புள்கொடி வழியாக நச்சு ஏறிப் பிறந்த சில நாட்களில் வலிப்பு கண்டு இறந்தவை வேறு. வயிற்றிலேயே போதிய ஊட்டமில்லாததால் பிறப்பு எடை குறைவு. பொருளாதார வரலாற்றாளர்கள் பண்ணைப் பதிவேடுகளிலிருந்து எடுத்த கணக்கில், பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதி ஐந்து வயதுக்குள் இறந்தன. வெள்ளைக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ இரு மடங்கு. பதிவேட்டில் பல இறப்புகளுக்கு எழுதப்பட்ட காரணம் ‘தாய் உருண்டு படுத்ததால் மூச்சுத்திணறல்’. எடை குறைந்த, நோயுற்ற குழந்தை இரவில் திடீரென்று இறந்தாலும் பழி தூங்கிய தாய்மேல்தான். படியளந்தவன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் காரணமாக ஏறவில்லை.

தப்பிப் பிழைத்த பிள்ளைகளின் சாப்பாட்டை, அடிமையாகப் பிறந்து பின்னாளில் அடிமை ஒழிப்பு இயக்கத் தலைவரான ஃபிரெடெரிக் டக்ளஸ் விவரித்திருக்கிறார்: மரத்தொட்டியில் கொட்டிய சோளக்கூழ், சுற்றிலும் பிள்ளைகள், அள்ளச் சிப்பி ஓடு, மர ஓட்டுத் துண்டு அல்லது வெறும் கை. அவருடைய தாய் ஹாரியட் பெய்லியை 12 மைல் தள்ளி வேறு பண்ணைக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். பகல் வேலை முடிந்து இரவில் நடந்து வந்து, மகன் பக்கத்தில் படுத்து உறங்கவைத்துவிட்டு, அவன் விழிக்கும் முன்பே திரும்பிவிடுவார். விடிந்து வயலில் இல்லாவிட்டால் சாட்டை. டக்ளஸ் தம் தாயைப் பார்த்தது நான்கைந்து முறைக்கு மேல் இல்லை, அதுவும் இருட்டில்.

பெற மறுப்பதும் ஒரு வழியாக இருந்தது. பருத்திச் செடியின் வேர்ப்பட்டையை மென்றும் கஷாயமாக்கியும் கருவைத் தடுத்தார்கள், கலைத்தார்கள். பறிக்கச் சொன்ன செடியின் வேரிலேயே மருந்து. தென்மாநில மருத்துவர்கள் தங்கள் இதழ்களில் இதைப் பற்றிப் புலம்பி எழுதியிருக்கிறார்கள். சோதித்துப் பார்க்க முடியாத ‘பெண்கள் உபாதை’யைச் சொல்லிப் படுத்துவிட்டால் கங்காணியால் ஒன்றும் செய்ய முடியாது, கட்டாயப்படுத்திக் கரு கலைந்தால் எசமானுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

சட்டத்தின் இன்னொரு பக்கம், பெண்ணின் உடம்புக்கு எந்தக் காவலும் இல்லாதது. மிசூரியில் சீலியா என்ற பெண்ணை 1850இல், 14 வயதை ஒட்டிய பருவத்தில், ராபர்ட் நியூசம் என்ற முதியவர் வாங்கினார். ஐந்தாண்டு தொடர்ந்த வன்கொடுமைக்குப் பிறகு 1855இல் சீலியா அவரை அடித்துக் கொன்றார். வன்புணர்விலிருந்து எந்தப் பெண்ணும் தன்னைக் காத்துக்கொள்ளலாம் என்று மிசூரிச் சட்டம் சொன்னது. எந்தப் பெண்ணும் என்பதில் அடிமைப் பெண் அடக்கமில்லை என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. சிறையில் அவருக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 21 அன்று தூக்கிலிட்டார்கள்.

இந்தப் பின்னணியில்தான் ஹாரியட் ஜேக்கப்ஸின் கணக்கைப் படிக்க வேண்டும். அவருடைய குடும்பத்திலேயே பால் எப்படிப் பங்கிடப்பட்டது என்பதற்கு ஒரு செய்தி உண்டு. பாட்டி மோலி ஹார்னிப்லோ எசமானியம்மாளின் குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டியிருந்ததால், சொந்த மகளான ஹாரியட்டின் தாய்க்கு மூன்றாம் மாதமே பால் நிறுத்தப்பட்டது. அதே பாட்டி இரவெல்லாம் கண்விழித்து பிஸ்கட் சுட்டு விற்று, தன் பிள்ளைகளை விலைக்கு வாங்கவென்று 300 டாலர் சேர்த்தார். எசமானியம்மாள் அதைக் கடனாக வாங்கினார், திருப்பித் தராமலே இறந்துபோனார். அடிமைக்கு ஒப்பந்தம் செய்யும் தகுதி இல்லை, ஆகவே கடன் என்று ஒன்றே சட்டப்படி இல்லை. 1828இல் பாட்டியை ஏலத்தில் நிறுத்தியபோது ஊரார் யாரும் கேட்கவில்லை. எசமானியின் முதிய சகோதரி 50 டாலருக்கு எடுத்து விடுதலை எழுதிக் கொடுத்தார்.

ஹாரியட்டுக்குத் தையலும் எழுத்தும் கற்றுத்தந்த எசமானி 1825இல் இறந்தபோது, உயிலின்படி அவர் போய்ச் சேர்ந்தது நார்காமின் மூன்று வயது மகளிடம். நடைமுறையில் நார்காமிடம். சில ஆண்டுகளில் மருத்துவரின் தொல்லை தொடங்கியது. ஹாரியட் அதே ஊர் வெள்ளைக்கார வழக்கறிஞர் சாமுவேல் ட்ரெட்வெல் சாயரோடு உறவு வைத்துக்கொண்டார். பிறந்தவர்கள் ஜோசஃபும் லூயிசாவும். இதில் காதல் எவ்வளவு, கணக்கு எவ்வளவு என்று அவரே பின்னாளில் எழுதிய தன்வரலாற்று நூலில் மறைக்கவில்லை. நார்காம் தமக்குப் பிறந்த பிள்ளைகளைத் தாயோடு விற்றுவிடும் வழக்கமுள்ளவர். சாயர் விலை கொடுத்து வாங்கி விடுவிக்கக்கூடும். இரண்டு கெட்டதில் எது பிள்ளைக்குக் குறைந்த கெடுதல் என்பதே தேர்வு. அடிமைமுறை இல்லாத வடக்கு மாநிலங்களில் அன்று இருந்த கண்ணியமான வாசகிகளுக்கு இந்தப் பக்கம்தான் செரிக்கவில்லை.

1835இல் நார்காம் அவரைத் தம் மகனின் தோட்டத்துக்கு அனுப்பினார். பிள்ளைகளையும் அங்கே கொண்டுவந்து வயல்வேலைக்குப் பழக்கப்போவதாகத் தெரிந்ததும் ஹாரியட் ஓடினார். தாய் பக்கத்தில் இருக்கும்வரை பிள்ளைகள் அவரைப் பிடித்துவைக்கும் கயிறு. தாய் மறைந்துவிட்டால் அந்தக் கயிற்றால் பயனில்லை, நார்காம் பிள்ளைகளை விற்றுப் பணமாக்கிவிடுவார். கிடைத்திருக்கும் ஓடிப்போனோர் விளம்பரங்களில் பெண்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் என்பதற்கும் இந்தக் கயிறே பெரிய காரணம். கைக்குழந்தையோடு இரவில் சதுப்புநிலம் கடக்க முடியாது, விட்டுவிட்டுப் போக மனம் வராது.

நார்காம் முதலில் பிள்ளைகளையும் ஹாரியட்டின் தம்பி ஜானையும் சிறையில் போட்டார். இரண்டு மாதத்தில் கை சலித்தது. ஓர் அடிமை வியாபாரி வந்து தம்பிக்கு 900 டாலரும் இரண்டு பிள்ளைகளுக்குமாக 800 டாலரும் கொடுத்தார். வியாபாரி சாயரின் ஆள் என்று பத்திரம் கைமாறிய பிறகுதான் தெரிந்தது. கணக்கு பலித்துவிட்டது, பாதி. ஏனென்றால் தகப்பன் வாங்கினாலும் பிள்ளை தகப்பனுக்குச் சொத்துதான். அவர் விடுதலைப் பத்திரம் எழுதாதவரை, கடன்காரர் பறிமுதல் செய்யலாம், மனைவி வழி வாரிசு உரிமை கோரலாம். எழுதிக் கொடுத்தாலும் வட கரோலினாவின் 1830ஆம் ஆண்டுச் சட்டப்படி விடுவிக்கப்பட்டவர் 90 நாளுக்குள் மாநிலத்தைவிட்டு வெளியேற வேண்டும். சாயர் இழுத்தடித்தார், 1837இல் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் போய்விட்டார்.

ஹாரியட் அப்போது வடக்கே போகவில்லை. பாட்டி வீட்டை ஒட்டிய கொட்டகையின் கூரைக்கும் பலகைத் தளத்துக்கும் நடுவே ஒரு பரண். நீளம் 9 அடி, அகலம் 7 அடி, நடுவில் உயரம் 3 அடி, ஓரத்துக்குப் போகப்போகச் சரிந்து ஒன்றுமில்லாமல் போகும். நிற்க முடியாது, நிமிர்ந்து உட்கார முடியாது. ஒருபக்கம் படுத்தால் மறுபக்கம் புரளத் தலை கூரையில் இடிக்கும். வெளிச்சம் இல்லை, காற்று இல்லை. கீழே சாமான் அறைக்கு இறங்க மாமா ஒரு கள்ளக்கதவு செய்து கொடுத்திருந்தார். சாப்பாடு அதன் வழியே. அங்கே கிடந்த ஒரு கைத்துறப்பணம் அகப்பட்டது. அதை வைத்து மூன்று வரிசையாகத் துளை போட்டு, துளைகளுக்கு இடைப்பட்ட மரத்தையும் குடைந்து, அங்குல நீளம் அங்குல அகலத்தில் ஒரு திறப்பு உண்டாக்கினார். அதன் வழியாகத் தெருவில் விளையாடும் தம் பிள்ளைகளைப் பார்த்தார்.

கோடையில் மர ஓட்டிலிருந்து டர்பன்டைன் உருகிச் சொட்டியது, சிறு செம்பூச்சிகள் தோலைத் தின்றன. இரண்டாம் குளிர்காலத்தில் கைகால் விறைத்து, முகமும் நாக்கும் மரத்துப் பேச்சு நின்றது. 16 மணிநேரம் நினைவில்லாமல் கிடந்தார். இருந்த இடத்திலிருந்தே கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தார், பொம்மை செய்தார். நியூயார்க்கிலிருந்து எழுதுவதுபோல் நார்காமுக்குக் கடிதம் எழுதி, நம்பிக்கையானவர் மூலம் அங்கிருந்தே தபாலில் போடச் செய்தார். மருத்துவர் வடக்கே தேடும்வரை பரண் பத்திரம். மகன் ஒருநாள் மேலேயிருந்து வந்த இருமலைக் கேட்டுவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை, அந்தப் பக்கம் மற்றப் பிள்ளைகளை விளையாடவிடாமல் விலக்கியும் வந்தான். இதை அவன் தாய்க்குத் தெரிவித்தது அவர் வடக்கே புறப்படும் சமயத்தில்தான்.

ஏறக்குறைய ஏழு ஆண்டு. 1842இல் கப்பலேறி ஃபிலடெல்ஃபியாவுக்கும் அங்கிருந்து நியூயார்க்குக்கும் போனார். மகளை அதற்கு முன்பே சாயர் புரூக்ளினில் உறவினர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார், படிக்கவைப்பதாகச் சொல்லி. போய்ப் பார்த்தால் வேலைக்காரிச் சிறுமி. ஹாரியட் கூலிக்கு வேறு வீட்டுக் குழந்தையை வளர்த்துத் தம் பிள்ளைகளைத் தேற்றினார். பாட்டியின் கதைதான், சம்பளத்தோடு. வடக்கே தப்பி வந்தவர்களையும் பிடித்துத் திருப்பி அனுப்பச் சொன்ன 1850இன் ஓடிப்போன அடிமைச் சட்டத்துக்குப் பிறகு நியூயார்க்கும் பத்திரமில்லை. 1852இல் அவர் வேலைபார்த்த வீட்டு அம்மையார் கார்னீலியா வில்லிஸ் 300 டாலர் கொடுத்து உரிமையை வாங்கி விடுவித்தார். தமக்கே சொந்தமான ஒன்றுக்கு இன்னொருவர் காசு கொடுத்ததை ஹாரியட்டால் கடைசிவரை முழுமனதாக ஏற்க முடியவில்லை.

இந்தக் கணக்கு பலிக்காதவர்களே அதிகம். 1856 ஜனவரியில் கென்டக்கியிலிருந்து உறைந்த ஒஹாயோ ஆற்றைக் கடந்த மார்கரெட் கார்னர், சின்சினாட்டியில் சுற்றிவளைக்கப்பட்டபோது இரண்டு வயது மகளைத் தம் கையாலேயே கொன்றார். கொலை வழக்குப் போட்டால் அவர் மனிதர் என்று ஆகிவிடும். சொத்தாகவே கென்டக்கிக்குத் திருப்பி அனுப்பினார்கள். 1859 மார்ச்சில் சவானாவில், ஃபேனி கெம்பிளின் முன்னாள் கணவர் பியர்ஸ் பட்லர் தம் கடனை அடைக்க நானூற்றுக்கும் மேற்பட்டவர்களை இரண்டே நாளில் ஏலம்விட்டார். டாஃப்னி என்ற பெண் பெரிய சால்வை போர்த்தி மேடை ஏறினாள். எதை மறைக்கிறாள், சால்வையை எடு என்று கேட்பாளர்கள் கத்தினார்கள். உள்ளே இருந்தது பிறந்து 15 நாளான குழந்தை. அவள், கணவன், மூன்று வயது மகள், அந்தப் பச்சைக்குழந்தை நால்வரும் தலைக்கு 625 டாலர் வீதம் போனார்கள். குழந்தைக்கும் அதே 625.

1865 டிசம்பரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. பிள்ளைகள் உடனே தாயிடம் வந்துவிடவில்லை. மேரிலாந்தில் 1864 நவம்பரிலேயே விடுதலை வந்திருந்தது. அடுத்த சில வாரங்களில் பழைய எசமானர்கள் பிள்ளைகளை வண்டியேற்றிக்கொண்டு அநாதைகள் நீதிமன்றத்துக்குப் போய், தொழில் பழக்குவதாகச் சொல்லி 21 வயதுவரை, பெண்பிள்ளையானால் 18வரை, தங்களிடமே கட்டிவைத்துக்கொண்டார்கள்; தாய் வாசலில் நின்றாலும் பிள்ளை அநாதை. எலிசபெத் டர்னர் என்ற பெண்ணின் வழக்கில் 1867இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி சேஸ் அந்த ஏற்பாடு செல்லாது என்றார்.

தொலைவில் விற்கப்பட்ட பிள்ளைகளைத் தேடப் பத்திரிகை விளம்பரம்தான் வழி. நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த ஒரு மெதடிஸ்ட் வார இதழில் 1870களின் கடைசியிலிருந்து இதற்கென்றே ஒரு பத்தி ஓடியது. கட்டணம் 50 சென்ட். போதகர்கள் அதை ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உரக்கப் படிப்பார்கள். விளம்பரங்களின் நடை ஏறக்குறைய ஒன்றே: தாயின் பெயர், பிள்ளைகளின் பெயர், எந்த எசமான் எந்த வியாபாரியிடம் எந்த ஆண்டு விற்றார், கடைசியாகப் பார்த்த ஊர். பெரும்பாலும் பதில் வராததற்கான காரணமும் அதிலேயே இருந்தது. புது எசமானோடு குடும்பப் பெயர் மாறியிருக்கும். மூன்று நான்கு வயதில் விற்கப்பட்ட பிள்ளைக்குத் தாயின் பெயர் ‘அம்மா’ என்பதற்கு மேல் தெரிந்திருக்காது. முப்பது ஆண்டு கழித்து விளம்பரம் கொடுத்தவர்களும், விற்கப்பட்ட அன்று பிள்ளை என்ன நிறச் சட்டை போட்டிருந்தது என்று எழுதினார்கள்.